சத்தக்காரப் பெட்டி

ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் மூன்று சர்வர் பெட்டிகள் விலைக்குக் காத்திருந்தன. மூன்றும் இரும்பு ரேக்கில் செருகி வைக்கிற தட்டைப் பெட்டிகள். முதலாவது புதிது; சத்தமே வராது; விலை அதிகம். இரண்டாவது பார்க்க லட்சணம். ஆனால் நாலு விரல் நீளம் கூடுதல். மூன்றாவது ஏதோ கம்பெனியில் பதினொரு வருஷம் உழைத்து, மூலை நசுங்கி வந்தது.

"நீ போடுகிற இரைச்சலுக்கு உன்னை யார் வாங்குவார்?" என்றது புதுப் பெட்டி.

"நான் கத்தாத நாளில் உள்ளே இருப்பவன் வெந்துபோவான்" என்றது பழையது.

நாச்சிமுத்து வந்தார். முப்பத்துநாலு வருஷம் நூல் மில்லில் எலக்ட்ரீசியன். மில்லில் கழித்துப் போட்ட ரேக் ஒன்று வீட்டில் இருந்தது. அளவு நாடாவை ஒவ்வொரு பெட்டிமேலும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்ன இந்த இரை இரைக்குது?" என்று பழையதைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டார்.

"நாலு ஃபேனுங்க. சூடு ஏறுனா பஸ்ஸர் வேற கத்துமுங்க. அதனாலதான் இந்த வெலைக்குத் தாரேன்."

அவர் கைக்கு எட்டியது அந்த விலைதான்.

வீட்டில் எட்டுத் திருகு முடுக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை அதற்குள் மாட்டினார். இரண்டிலும் இருந்தது ஒன்றேதான். இறந்துபோன மனைவி மயிலாத்தாள் துபாயிலிருந்த மகளோடு போனில் பேசியவை, நாற்பத்தொன்று. மகள் பதிந்து அனுப்பியவை. அவள் போன் பிறகு தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒரு டிஸ்க் போனாலும் மற்றது இருக்கும் என்று நினைத்தார். இதுவரை ஒன்றைக்கூடக் கேட்கத் தைரியம் வரவில்லை.

முதல் பேச்சைப் போட்டார். மில் சத்தத்தில் பாதி போயிருந்த காதுக்கு, ஃபேன் இரைச்சலோடு மயிலாத்தாளின் மெல்லிய குரல் எட்டவில்லை. நடுவில், அன்று மனைவியை அவர் போட்ட அதட்டல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "மில்லுலதான் இரைச்சல்னா வீட்டுலயுமா? சித்த சும்மா இரு."

அவர் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். "சித்த சும்மா இரு கண்ணு" என்று சொல்லி, நாலு ஃபேன் ஒயரையும் பிடுங்கினார்.

சித்திரை வெயில். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கண் நிறைந்தது, இடையிடையே சிரித்தார்.

"அண்ணா, சுடுது" என்றது ஒரு டிஸ்க். "பஸ்ஸரையாவது அடித்துவிடேன்."

"சும்மா இருக்கச் சொன்னார்."

"கடையில் பெரிதாகப் பேசினாயாமே?"

பெட்டி நாச்சிமுத்துவைப் பார்த்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷத்தில் அதைக் கண்ணு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அது தன் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

முதல் டிஸ்க் முப்பத்தெட்டாவது பேச்சில் நின்றது. மற்றது தொடர்ந்து பாடியதால் அவருக்குத் தெரியவில்லை.

நாற்பதாவது.

"நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குது கண்ணு."

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"இப்பத்தான் அசந்தாரு. எழுப்புனா கோவிச்சுக்குவாரு. சாயங்காலம் சொல்லிக்கலாம்."

அன்று சாயங்காலம் மயிலாத்தாள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி அவள் கடைசியாகப் பேசிய நாற்பத்தொன்றை அவர் அழுத்தினார். டிஸ்க் இரண்டு தரம் டக், டக் என்றது. பிறகு அதுவும் அடங்கியது.

பெட்டிமேல் கையை வைத்தவர் சுட்டுக்கொண்டார். ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினார். நாலு ஃபேனும் இரைந்தன. அடக்கி வைத்திருந்த பஸ்ஸரும் அப்போதுதான் கத்தத் தொடங்கியது. காப்பாற்ற உள்ளே ஒன்றும் இல்லை.

நிறுத்தச் சொல்வார் என்று பெட்டி காத்திருந்தது.

நாச்சிமுத்து அதன் நசுங்கிய மூலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"கத்து கண்ணு" என்றார். "நல்லாக் கத்து."