மணம் போன காப்பிக்கடை

"எனக்கு மூக்கு செத்துப்போச்சும்மா," என்றார் ஆரோக்கியநாதன்.

பவளக்கொடி பீர் காய்ச்சும் பெரிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

"எப்பலேருந்து அண்ணே?"

"காய்ச்சல் வந்துட்டுப் போச்சுல்ல, அதுலேருந்து. இன்னியோட இருபத்தி மூணு நாள்."

"டாக்டர்?"

"வந்தாலும் வரும், வராமலும் போகும்னுட்டாரு."

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

புதுச்சேரியில் சொந்தமாகச் சின்னக் கடை நடத்துகிறவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ரொட்டி சுடுகிறவர், நண்டு வறுவலுக்குப் பேர்போனவர், ஐஸ்கிரீம் செய்கிற அக்கா தங்கை. மனசு சரியில்லை என்றால் அவர்கள் வந்து நிற்கும் இடம் இந்தப் பழைய அரிசிக் கிடங்குதான். பவளக்கொடிக்கு முப்பத்து மூன்று வயது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு இங்கே பீர் காய்ச்சுகிறாள். வருகிறவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனாலும் வருவார்கள்.

ஆரோக்கியநாதனுக்கு ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருஷமாகக் காப்பிக்கடை. ஏற்காட்டுக் கொட்டையைப் பச்சையாக வாங்கி, கடையிலேயே வறுத்து, அரைத்து, டிகாக்ஷன் இறக்குவார். வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய வறுவலில் என்ன மணம் என்று காலையில் அதில் எழுதுவார். ஜனங்கள் படித்துவிட்டுக் குடிப்பார்கள். குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

"இப்ப பலகையில என்ன எழுதறீங்க?" என்று கேட்டாள்.

"ஞாபகத்துலேருந்து எழுதறேன். நேத்து மல்லிகைன்னு எழுதினேன். முந்தாநாள் வெல்லப்பாகு."

"இருந்துச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லல. மழை பேஞ்சாக்கூட கண்ணாடிக்கு அந்தாண்ட பேயற மாதிரி இருக்கு. கடல் பக்கம் போனா, சுவத்துல மாட்டின படம் மாதிரி இருக்கு. கடையை மூடிடலாம்னு இருக்கேம்மா. நீ என்ன சொல்ற?"

பவளக்கொடி ஈரக் கையைத் துடைத்தாள். மூலையில் மூடி போட்ட உயரமான ஒரு தொட்டி நின்றது. அதிலிருந்து வந்த மெல்லிய குழாயின் நுனி ஒரு ஜாடித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. உள்ளே பீர் நொதிக்கிற காற்று, குழாய் வழியே வந்து, ஒவ்வொரு குமிழியாக மேலே ஏறி உடைந்தது.

அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

உட்கார்ந்தார்.

குமிழி வந்தது. உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. மேலே ஓட்டுக் கண்ணாடி வழியே காலை வெயில் இறங்கி, பக்கத்துப் பாத்திரத்தின் ஆவியில் பால் போலக் கலங்கியது. இந்த ஒரு குமிழி வரட்டும், எழுந்திருக்கலாம் என்று நினைத்தார். அது வந்தது. அடுத்ததும் வந்தது.

விழித்தபோது பவளக்கொடி எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டேனா?"

"நல்லா. என்ன கனவு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கெப்படித் தெரியும்?"

"சிரிச்சீங்க."

"கடைக்குள்ள யாரோ வர்றாங்க. அவங்களோட சேர்ந்து மணமும் வருது. கடையெல்லாம் நெறையுது. எனக்கு அழுகையா வருது. ஆனா வந்தது யாருன்னு முகம் தெரியல."

"யாருங்கன்னு கேட்டீங்களா?"

"கனவுல எப்படிம்மா கேக்கறது?"

"அப்ப முழிச்சிருக்கும்போது கேளுங்க," என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டே நடந்தார். ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை பலகையில் ஆரஞ்சுத் தோல் என்று எழுதினார். அதற்கு அடுத்த நாள், ஏலக்காய்.

அந்த ஏலக்காய் நாளில்தான் பவளக்கொடி கடைக்கு வந்தாள்.

காலை ஆறரை மணி. கடலிலிருந்து மூடுபனி போல ஒன்று தெருவுக்குள் வந்து தேங்கியிருந்தது. ஆட்கள் அதற்குள்ளிருந்து பாதிப் பாதியாகத் தெரிந்தார்கள். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தனபாக்கியம். மீன் விற்கிறவர். ஏலத்துக்குப் போகுமுன் தினமும் முதல் காப்பி அவருக்குத்தான். இன்னொருவர் இதாயத்துல்லா. பக்கத்துத் தெருவில் எட்டே மேசை போட்டு உணவகம் நடத்துகிறார். தன் கடைக்கான காப்பித்தூளை இங்கேதான் வாங்குவார்.

பவளக்கொடி வாசலில் நின்று பலகையைப் படித்தாள். பிறகு துப்பட்டா நுனியால் அதை முழுக்க அழித்தாள்.

"ஏம்மா!" என்றார் ஆரோக்கியநாதன்.

அவள் உள்ளே வந்தாள். ஒரு காப்பி வாங்கினாள். குடிக்கவில்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்:

"இன்னைக்கு என்ன மணம் அண்ணே?"

அவர் அவளைப் பார்த்தார். ஏலக்காய் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. யாரும் மறுக்கப்போவதில்லை. பத்தொன்பது வருஷமாக யாரும் மறுத்ததில்லை.

தனபாக்கியம் டம்ளரைக் கீழே வைத்தார். இதாயத்துல்லா திரும்பினார்.

"தெரியாது," என்றார் ஆரோக்கியநாதன்.

குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"எனக்கு எந்த மணமும் தெரியல. காய்ச்சல்ல போயிடுச்சு. இருபத்தஞ்சு நாளா பலகையில எழுதினது எல்லாம் பொய்."

பனியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"தெரியும்," என்றார் தனபாக்கியம்.

"என்ன தெரியும்?"

"மூக்கு போனது தெரியாது. காப்பி கருகினது தெரியும். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. உனக்கு வீட்ல ஏதோ கஷ்டம்னு நெனச்சுக்கிட்டேன். கேட்டா நீ மனசு சங்கடப்படுவேன்னு பேசாம குடிச்சுட்டுப் போனேன்."

ஆரோக்கியநாதன் இதாயத்துல்லாவைப் பார்த்தார்.

இதாயத்துல்லா தலையைச் சொறிந்தார். "நான் கொஞ்சம் பால் அதிகமா ஊத்தி சமாளிச்சேன்."

"வேற இடத்துல வாங்கியிருக்கலாமே பாய்?"

"வாங்கியிருக்கலாம்."

"அப்புறம்?"

"இங்கதானே வாங்கறேன்," என்றார் இதாயத்துல்லா.

ஆரோக்கியநாதன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து நாளும் வந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. பலகையைப் படித்தவர்கள். குடித்தவர்கள். தலையாட்டியவர்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவமானம் வரும் என்று காத்திருந்தார். வந்தது வேறு ஏதோ. மார்புக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது.

"கொட்டை எப்பக் கருகும்னு பாத்தா தெரியாதா உனக்கு?" என்று தனபாக்கியம் கேட்டார்.

"நிறம் தெரியும். வெடிக்கிற சத்தம் தெரியும். ஆனா கடைசி அரை நிமிஷம் மூக்கு சொல்லித்தான் எடுப்பேன். கண்ணுக்கு அது பிடிபடாது."

பவளக்கொடி அப்போதுதான் தன் காப்பியைக் குடித்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள். மறைக்கவில்லை.

"நல்லால்ல அண்ணே."

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் நீரோடு சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எழுந்து போய் வறுக்கும் உருளையின் அடுப்பைப் பற்றவைத்தார். பச்சைக் கொட்டையைக் கொட்டினார். உருளை சுற்றத் தொடங்கியது. பவளக்கொடி நகர்ந்து வழிவிட்டாள். தனபாக்கியம் தன் காலி மீன்கூடையை அங்கேயே விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் வந்து நின்றார். இதாயத்துல்லாவும் வந்தார். வாசலில் பனிக்குள்ளிருந்து புதிதாக வந்த இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

கொட்டை மஞ்சளானது. பழுப்பானது. படபடவென்று வெடித்தது. அடங்கியது.

புகை எழுந்து எல்லோர் முகத்தையும் மூடியது. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆரோக்கியநாதன் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இப்பவா?" என்றார் புகையைப் பார்த்து.

"இரு," என்றது தனபாக்கியத்தின் குரல்.

உருளை சுற்றியது.

"இப்பவா?"

"இருன்னேன்ல."

பக்கத்தில் யாரோ மூச்சை ஆழமாக இழுத்தார்கள். இன்னொருவரும் இழுத்தார்.

"ம். இப்ப."