கறையில்லாத அடுப்பு

தனி அடுப்பைக் கண்ணால் பார்த்தால்தான் புது ரேஷன் கார்டு என்று விதி எழுதினவரே, சொர்ணத்தாய் பட்ட அவமானம் உங்களால்தான்!

மாமியார் வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் வந்து கார்டு கேட்டிருந்தாள். சந்தையில் பேசிப் பேசியே பாதி விலைக்கு வாங்குகிற கெட்டிக்காரி, அதிகாரி வருகிறாரென்று அடுப்பைப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். அவ்வளவுதான் அவள் புத்தி!

"கஞ்சி வடிந்த கறைகூட இல்லையே. இரவல் அடுப்பாம்மா?" என்று அதிகாரி பேனாவை மூடினார்.

சொர்ணத்தாய்க்குச் சுர்ரென்று ஏறியது. காலிப் பானையை அவர் முன்னால் கவிழ்த்தாள்.

"கறைக்குக் கஞ்சி வடியணும், கஞ்சிக்கு அரிசி வேணும், அரிசிக்கு உங்க கையெழுத்து வேணும். போடுங்க சார், அடுத்த மாசம் தேய்க்காமலே காட்டுறேன்!"

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

விதி எழுதினவரே, இனியாவது அடுப்பை விட்டுப் பானையைப் பார்க்கச் சொல்லுங்கள்!