உருளிக்கு மூன்று பேர்

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நடுவில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனால் நான் பொறுப்பில்லை.

தமிழில் வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மதுரையில் செண்பகவல்லி என்பவள் 'உப்பு உறைப்பு' என்று ஒரு சமையல் பதிவு நடத்தி வந்தாள். நல்ல கைமணம். ஆனால் பதிவுலகத்தில் கைமணம் மட்டும் போதாது, மொய்யும் வைக்கத் தெரிய வேண்டும். நீங்கள் என் பதிவுக்கு வந்து 'அருமை, தொடருங்கள்' என்று பின்னூட்டம் போட்டால், நான் உங்கள் பதிவுக்கு வந்து அதையே போட வேண்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதியவரைச் சாப்பிட்டீர்களா என்றாவது கேட்பார்கள். இங்கே படித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டி ஒன்று இருந்தது. அதில் அதிக ஓட்டு வாங்குபவர் ஒரு வாரத்துக்கு நட்சத்திரப் பதிவர். செண்பகவல்லிக்கு அதன் மேல் ஒரு கண். பட்டுப் புடவைக்குக்கூட அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

தீபாவளி நெருங்கியது. அதிரசம் செய்யும் முறையை எழுதினாள். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப் பாகில் கிளறி, மாவை ஒரு நாள் மூடி வைத்த பிறகே சுட வேண்டும் என்று விளக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு போட்டியும் வைத்தாள். "இதில் சொன்னபடியே செய்து பார்த்து, எப்படி வந்தது என்று எழுதுங்கள். சிறந்த ஒருவருக்குப் பித்தளை உருளி பரிசு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மதுரைப் பதிவர் சந்திப்பில் தருகிறேன்."

அன்று மாலையே சந்தானகோபாலனிடமிருந்து பின்னூட்டம் வந்துவிட்டது. கவிதைப் பதிவர். அவர் கை காட்டினால் ஓட்டுப் போட ஒரு கூட்டமே உண்டு. "அளவு பிசகாமல் செய்தேன் சகோ. பூப்போல வந்தது. உருளிக்கு வீட்டில் இடம் ஒதுக்கியாயிற்று!"

சில நாள் கழித்து வந்தாள் கோவைத் தெய்வானை. அவளும் சமையல் பதிவர்தான். "உங்க அதிரசம் செஞ்சேனுங்க. படம் என் பதிவுல இருக்குது, வந்து பாருங்க." படத்தில் அதிரசம் பொன்னாக மின்னியது. அதைப் பார்க்கப் போன கூட்டம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் கீழக்கரையிலிருந்து நசீமா என்று ஒருத்தி எழுதினாள். அவளுக்குப் பதிவு கிடையாது. அதாவது, பதில் மொய் வைக்க வழியே இல்லாதவள்.

"அக்கா, தெய்வானை அக்கா போட்ட படத்தப் பாத்துத்தான் தைரியமா எறங்குனேன். நீங்க சொன்ன அளவுதான் போட்டேன். எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு கரைஞ்சு போச்சு. எங்க தப்புப் பண்ணுனேன்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டுலருந்து வருசா வருசம் எங்களுக்குத் தீபாவளி அதிரசம் வரும். இந்த வருசம் அவுங்க வீட்டுல துக்கம், எண்ணெச் சட்டி வைக்க மாட்டாங்க. அதான் நான் செஞ்சு குடுக்கலாம்னு."

செண்பகவல்லி தன் குறிப்பைத் திறந்து பார்த்தாள். அரிசி இரண்டு டம்ளர் சரி. வெல்லம் ஒன்றரை என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை என்று அடித்திருந்தாள். அந்த அளவில் யார் சுட்டாலும் எண்ணெயில் பாயசம்தான்.

உடனே தெய்வானைக்குப் போன் போட்டாள்.

"வெல்லம் அதிகம்னு உங்களுக்குத் தெரியலையா?"

"பார்த்ததுமே தெரிஞ்சுதுங்க. ஒரு டம்ளரைக் குறைச்சுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஓட்டு நடக்கற நேரத்துல உங்க தப்ப ஊருக்குச் சொல்றதுங்களா? நாளைக்கு எனக்கும் நீங்க ஓட்டுப் போடோணுமல்லங்க!"

நசீமாவின் பின்னூட்டம் இன்னும் வெளியாகவில்லை. செண்பகவல்லி அனுமதித்தால்தான் அது வெளியே தெரியும், அழித்துவிட்டால் சுவடே இருக்காது. சந்தானகோபாலனுக்கு உருளியைக் கொடுத்தால் நட்சத்திரம் கைக்கு வந்துவிடும். தெய்வானைக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை, உண்மையிலேயே நல்ல அதிரசம் சுட்டவள் அவள் ஒருத்திதானே. நசீமாவுக்குக் கொடுத்தால் தன் தப்பைத் தானே மேடையேறிச் சொல்ல வேண்டும், அதுவும் ஓட்டு முடியும் நாளில். பின்னூட்டத்தை அவள் வெளியிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

ஞாயிறும் வந்தது. மூன்று பேரும் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பதில் வராததால் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று நசீமாவும் பஸ் ஏறி வந்திருந்தாள். செண்பகவல்லி உருளியோடு மேடையேறினாள்.

நீங்கள் சொல்லுங்கள், அந்த உருளி யாருக்கு நியாயமாகச் சேர வேண்டும்?

விடை: நசீமாவுக்குத்தான். செண்பகவல்லி கேட்டது "சொன்னபடியே" செய்தவரை. ஒரு நாள் மூடி வைக்க வேண்டிய மாவை அன்று மாலையே சுட்டுவிட்டதாக எழுதிய சந்தானகோபாலன் அடுப்பே பற்றவைக்கவில்லை. தெய்வானை செய்தது நல்ல அதிரசம், ஆனால் அது அவளுடைய அளவு. அந்தப் படத்தை நம்பித்தான் நசீமாவின் மாவு வீணானது. செண்பகவல்லி தன் தப்பை மைக்கில் சொல்லி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, உருளியை நசீமா கையில் கொடுத்தாள். சந்தானகோபாலன் கூட்டம் அப்போதே எழுந்து வெளியே போனது. நட்சத்திரமும் அவர்களோடு போயிற்று. ஆனால் செண்பகவல்லிக்கு அப்படியொரு நிம்மதி. நம்மைப் போல் நல்லவள் உண்டா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நசீமா உருளியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உருளி கெடக்கட்டும்க்கா. வெல்லம் எவ்வளவு போடணும்? அத இன்னும் நீங்க சொல்லவே இல்லையே."