ஊற்றுக்கு மேலே ஒரு குழி

மலைமேல் ஓர் இருளர் பதி. ஊருக்கெல்லாம் ஒரே ஊற்றுத் தண்ணீர்தான். ஊற்றுக்கு மேலே இருக்கும் பாறை மேட்டில் அம்மன் படுத்திருக்கிறாள் என்று அங்கே யாரும் எச்சில்கூடத் துப்ப மாட்டார்கள்.

பொதுக் கழிப்பறை கட்ட வந்த இன்ஜினியர் தயாபரன் சரியாக அந்த மேட்டில்தான் குழி வெட்டினார்; மேலே நிறுத்தத் தகர அறைகளும் தயாராக வந்திருந்தன.

"வேண்டாங்க சார், அம்மனுக்கு ஆகாது" என்றாள் அவருடைய முகாமில் சமைக்கும் மருதி.

தயாபரன் சிரித்தார். "நான் சயின்ஸ் படிச்சவன். உங்க அம்மனுக்குக் கோபம்னா நாளைக்குள்ள எங்கிட்டயே வந்து சொல்லட்டும். இல்லேன்னா நாளை மறுநாள் திறப்பு விழா."

"சொல்லச் சொல்றேனுங்க" என்றாள் மருதி.

மறுநாள் சாயங்காலம் டீயை ஒரு வாய் குடித்தவர் தூவென்று துப்பினார். "சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டியா?"

"டீயில போடலீங்க. நேத்து உங்க குழியில ஒரு மூட்டை உப்பைக் கொட்டி, நாங்க பொம்பளைங்க எல்லாம் குடம் குடமா தண்ணி ஊத்தினோம். அது பாறை இடுக்கு வழியா ஊத்துக்கு இறங்கி, இப்ப உங்க டம்ளருக்கு வந்துடுச்சு."

தயாபரன் நம்பவில்லை. நேரே போய் ஊற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார். அதுவும் கரித்தது.

மருதி மெதுவாகச் சொன்னாள்: "அம்மன்னு சொன்னா எங்க புள்ளைங்களுக்குப் புரிஞ்சுடும். உங்களுக்குத்தான் உப்பு தேவைப்பட்டுச்சு. விழா முடிஞ்சா அந்தக் குழியில என்ன விழும்னு உங்களுக்கே தெரியுமுங்க."

தயாபரன் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பு கைக்கு வந்ததும், முதலில் போய்க் குழியை மூடும்படி வேலையாட்களிடம் சொன்னார்.