ஒரு படகு மண்

முன்னொரு காலத்தில், ஆண்டில் பாதி பனி மூடிக் கிடக்கும் வடகடல் நாடு ஒன்றுக்காக ஹெர்முண்ட், ஒத்தார் என்ற இரண்டு அரசர்கள் ஓயாமல் போரிட்டார்கள். தோரிர் என்ற பிரபு இருவரிடமும் இருந்தவர். ஒத்தாரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர், நிலத் தகராறில் கோபித்துக்கொண்டு ஹெர்முண்டிடம் போனார். மனம் கேளாமல் திரும்பி வந்தார். ஒத்தார் சபை நடுவே அவமானப்படுத்தவே, மறுபடியும் ஹெர்முண்டிடம் சேர்ந்தார். வேடிக்கையாகப் பேசுவார் என்பதால் எந்தச் சபையிலும் அவருக்கு இடம் இருந்தது. நம்பத்தான் ஆளில்லை.

கடைசிப் போரில் ஒத்தார் கடற்கரையில் மடிந்தார். தோரிர் அன்று எதிர்ப்படையில் நின்றார்.

வென்ற ஹெர்முண்ட் ஆணையிட்டார்: "ஒத்தாருக்கு என் மண்ணில் ஒரு பிடிகூடக் கொடுக்கக் கூடாது. என் மண்ணில் நின்று அவனுக்காக அழுபவன் தலை தப்பாது."

அமைச்சர் ஸ்கூலிக்குத் தோரிரைக் கண்டாலே ஆகாது. "அரசே, பிணத்துக்குத் தோரிரையே காவல் வையுங்கள். அவர் யாருடைய ஆள் என்பது தெரிந்துவிடும்" என்றார்.

தோரிர் தலைவணங்கினார். "தங்கள் சொல்லில் ஓர் எழுத்தையும் மீற மாட்டேன், அரசே."

இரண்டு பகல் முழுவதும் மேலாடையை வீசி வீசிக் காக்கைகளை விரட்டினார். ஒத்தாரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்; முடியவில்லை. ஒரு மீனவனை அழைத்து, ஒத்தார் பிறந்த தீவுக்கு அனுப்பினார். அந்தத் தீவு எந்த அரசருக்கும் அடங்காதது.

மூன்றாம் நாள் படகு நிறைய மண் வந்தது. படகைக் கரையேற்றி, பிணத்தை அந்த மண்ணில் கிடத்தி, தோரிரும் மண்மேல் ஏறி நின்றார். அதன் பிறகுதான் அழுதார். வெறுங்கையால் மண்ணை அள்ளி மூடினார்.

"நானும் ஒரு கை போடட்டுமா, ஐயா?" என்றான் மீனவன்.

"வேண்டாமப்பா. இதை நான்தான் செய்யணும்."

ஸ்கூலி அவரைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"என் ஆணையை மீறினீரா?" என்றார் அரசர்.

"இல்லை அரசே. அது தீவு மண். நான் நின்று அழுததும் அதன் மேல்தான்."

"படகு நம் கரையில்தானே நிற்கிறது!" என்று கத்தினார் ஸ்கூலி.

"நிற்கட்டுமே, அமைச்சரே. படகு அழவில்லையே."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சபையும் சிரித்தது. ஸ்கூலி மட்டும் தரையைப் பார்த்தார். சிரித்து ஓய்ந்த அரசர், குரல் தாழ்த்திக் கேட்டார்: "தோரிர், நான் செத்தால் எனக்காகவும் இப்படி அழுவீரா?"

தோரிர் தம் நகங்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"தெரியவில்லை அரசே. ஒத்தாருக்காக அழுவேன் என்று முந்தாநாள்வரை எனக்கே தெரியாது."

அரசர் தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். வழக்கம்போல் ஒரு வேடிக்கை சொல்வார் என்று சபை காத்திருந்தது. தோரிர் நன்றி சொல்லிவிட்டு, தம் இடத்தில் போய் அமர்ந்தார்.