மூன்றாவது வரி

"மூணு மாசமா அந்தச் சாவியைக் கண்ணுலகூடக் காட்ட மாட்டேங்கிறீங்களே டீச்சர், நான் என்ன திருடனா?"

ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு வயது. தொலைபேசித் துறைப் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இந்த வேலையை அவருக்குக் கற்றுத்தரும் டீச்சர் ரிஸ்வானாவுக்கு இருபத்தெட்டு. மகள் வயசுதான். ஆனாலும் வாய்தவறிக்கூட அவர் 'நீ' என்று சொன்னதில்லை.

கண் தெரியாதவர்களுக்குத் தமிழைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை இருவரும் சேர்ந்து பராமரித்தார்கள். யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புதுப் பதிப்பை ஊருக்கு வெளியிட ரிஸ்வானாவின் ரகசியச் சாவி வேண்டும். அந்த முத்திரை விழாத பதிப்பை ஊரார் கணினிகள் தாமாக ஏற்காது; கையால் நிறுவிச் சோதித்துப் பார்க்கத்தான் முடியும்.

"பதிப்பு தயாரா சார்?"

"தயாராவா! முந்தாநாளே எல்லாக் கோப்பையும் சேர்த்துப் பொட்டலம் கட்டியாச்சு. என் மெஷின்ல என்னமாப் பேசுது தெரியுமா? திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. இன்னிக்கே விட்டாகணும்."

"சரி. மரியபுஷ்பம் மிஸ் வந்திருக்காங்க. அவங்ககிட்டக் குடுங்க. நீங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது."

"இவ்வளவுதானா!"

மரியபுஷ்பம் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியை. அவருக்கும் பார்வை கிடையாது. அன்றுதான் பிரித்த புதுக் கணினியின் முன் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஞானசிகாமணி எழுதிய நிறுவல் குறிப்பைக் கணினியோடு வந்த சாதாரணக் குரலில் வரி வரியாகக் கேட்டு, வரி வரியாகத் தட்டினார்.

மூன்றாவது வரியில் கணினி நின்றது.

மறுபடி தட்டினார். மறுபடியும் நின்றது.

ஞானசிகாமணி நாற்காலியில் நெளிந்தார்.

"அகராதிக் கோப்பு இல்லைங்குதே," என்றார் மிஸ். குரல் இறங்கிவிட்டது. "நான்தான் எதையாவது தப்பா அழுத்திட்டேன் போல. மன்னிச்சுக்குங்க சார்."

அந்த 'மன்னிச்சுக்குங்க' ஞானசிகாமணியை உலுக்கிவிட்டது.

"ஐயையோ, நீங்க ஒண்ணும் பண்ணலம்மா! அந்தக் கோப்பு என் மெஷின்ல இருக்கு. போன வருஷம் எப்பவோ போட்டது, பொட்டலத்துல சேர்க்கவே இல்ல. ரெண்டே நிமிஷம், நானே போட்டுத் தந்துடறேன்!"

"போட்டுக் குடுங்க சார்," என்றாள் ரிஸ்வானா. "முடிச்சிட்டு அப்படியே பஸ் ஏறிடுங்க. தென்காசியில ரெண்டு பள்ளிக்கூடம், தேனியில ஒண்ணு. யாழ்ப்பாணத்துல நாலு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. பாஸ்போர்ட் இருக்கில்ல?"

மிஸ் களுக்கென்று சிரித்தார். ஞானசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி அவர் தலைகுனிந்ததில்லை.

"திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு சார்," என்றார் மிஸ் ஆறுதலாக.

ஞானசிகாமணி அகராதியை எடுத்துப் பொட்டலத்துக்குள் வைத்தார். பொட்டலத்தை, சோதிக்க விரும்புகிறவர்கள் எல்லாரும் எடுக்கும் பொது இடத்தில் ஏற்றினார்.

பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து, அதில் இருந்ததையெல்லாம் அழிக்க ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?" ரிஸ்வானாவே பதறிப்போனாள்.

ஒரு மணி நேரத்தில் அதுவும் மிஸ்ஸின் கணினி போல, புதிதாகப் பிரித்த வெறும் கணினியாகிவிட்டது. ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தான் எழுதிய குறிப்பை முதல் வரியிலிருந்து படித்துத் தட்டத் தொடங்கினார்.

மூன்றாவது வரி தாண்டியது.

ஐந்தாவது வரியில் அவரே மாட்டிக்கொண்டார்.