மேற்கே சமாதானமா?

மழைக்கும் செம்மறி ஆட்டுக்கும் குறைவில்லாத வேல்ஸ் நாட்டில் ஒரு மலை. அதன் உச்சியில் வட்டமாகச் சில பெரிய கற்கள் நிற்கின்றன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள், யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் அவற்றைப் 'பேசாத அக்கா தங்கைகள்' என்பார்கள். ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவரைக் கூப்பிடவும் அங்கேதான் ஏறுவார்கள். கீழே பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் கிடையாது.

அந்தக் கற்களிடம்தான் துரூயிடுகள் கூடுவார்கள். மரத்தையும் கல்லையும் சூரியனையும் வணங்கிய பழைய ஞானிகளின் வழியை இந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு குரு டெக்வென். நாற்பது வயது, ஆடு வளர்க்கிறவள். அவளுடைய வெள்ளை அங்கியில் எப்போதும் கொஞ்சம் ஆட்டு வாசனை இருக்கும்.

சீடர்களில் நெஸ்டா என்றொரு அம்மாள். குருவைவிட இருபது வயதாவது மூத்தவள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே மகன் ரீஸ், கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்தில் ரொட்டி சுடுகிறான்.

வகுப்பு இப்படித்தான் நடக்கும். கண்ணை மூடிக் கல்லில் கை வைக்க வேண்டும். மனதில் என்ன வருகிறதோ சொல்ல வேண்டும்.

"ஹெஃபின், உங்களுக்கு என்ன வந்தது?"

தபால்காரர் ஹெஃபின் பெருமையாகச் சொன்னார். "கழுகு. போன வாரம் வந்த அதே கழுகு. இந்த வாரம் என்னைப் பார்த்துத் தலையாட்டிச்சு."

"நெஸ்டாம்மா, உங்களுக்கு?"

"சில்லுனு இருந்தது."

"வேற?"

"பாசி கொஞ்சம் வழுக்கிச்சு."

ஹெஃபின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நெஸ்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவள் போகவில்லை.

"குருவே, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது? எனக்கு எப்போ அந்த உள்ளுணர்வு வரும்?"

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என் மகன் நல்லா இருக்கானான்னு தெரிஞ்சுக்குவேன்."

"அவனையே கேக்கலாமே?"

நெஸ்டா கையைப் பிசைந்தாள். "நான் இங்கே வரப் போறேன்னு சொன்னப்போ சிரிச்சான். 'பேசறதுக்கு உனக்கு மனுஷங்களே கிடைக்கலையாம்மா, கல்லுதான் கிடைச்சுதா'ன்னான். இனிமே வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டேன். மூணு வருஷம் ஆச்சு. அவனும் கூப்பிடலே."

"நீங்க?"

"அவன்தானே சிரிச்சான். அவன்தான் முதல்ல கூப்பிடணும்."

டெக்வென் தன் அங்கியில் ஒட்டியிருந்த ஆட்டு ரோமத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். "விழாவுக்கு மேற்குத் திசையில நீங்க நில்லுங்க," என்று மட்டும் சொன்னாள்.

கோடையின் மிக நீண்ட பகல் வரும் நாளில் துரூயிடுகளுக்குப் பெரிய விழா. அன்று விடியும் முன்பே மலைக்கு வந்துவிடுவார்கள். பூஜை தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. குரு நாலு திசைக்கும் திரும்பி, "சமாதானமா?" என்று கேட்பார். அந்தத் திசையில் நிற்பவர், "சமாதானம்" என்பார். நாலு பதிலும் வந்தால்தான் பூஜை. வேறு பதிலை அந்தக் கற்கள் கேட்டதே இல்லை.

அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. நடுவில் துணி மூடிய தட்டில், நெஸ்டா செய்து கொண்டுவந்த தேன் கேக்.

"வடக்கே சமாதானமா?"

"சமாதானம்!" என்றார் ஹெஃபின், கேக்கைப் பார்த்துக்கொண்டே.

கிழக்கும் சொன்னது. தெற்கும் சொன்னது.

"மேற்கே சமாதானமா?"

நெஸ்டா மேற்கே பார்த்தாள். மலைக்குக் கீழே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இல்லே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெஸ்டா, சும்மா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சூரியன் வந்துடும்," என்று ஹெஃபின் கெஞ்சினார்.

"வரட்டும். அது நம்மளைக் கேட்டா வருது?" டெக்வென் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"மேற்கே சரியாகிற வரைக்கும். ஹெஃபின், கேக்கை நல்லா மூடி வைங்க. எறும்பு வரும்."

நெஸ்டாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வட்டத்தில் ஒரு கல் மட்டும் சாய்ந்திருக்கும்; விறுவிறுவென்று அதனிடம் போனாள். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். காற்று தள்ளியது. ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா? என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?" ரீஸின் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"ஒண்ணுமில்லேடா. நீ சாப்பிட்டியா?"

தட்டுச் சத்தம் நின்றது. பிறகு, "எங்கே இருக்கே? காத்து இரையுது," என்றான்.

"கல்லுகிட்டதான்."

சிரிப்பானோ என்று பயந்தாள். அவன் சிரித்தேவிட்டான். என்னவோ, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்லு என்னம்மா சொல்லுச்சு?"

"அது எங்கே பேசுது? நான்தான்... அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

"நானும்தான்மா." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஐயோ, அடுப்புல ரொட்டி கருகுது. சாயங்காலம் கூப்பிடறேன். மலைக்கு வருவியா?"

"வருவேன். நீ போய் ரொட்டியைப் பாரு."

அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது சூரியன் நன்றாகவே மேலே வந்திருந்தது. டெக்வென் எழுந்து, எதுவும் நடக்காதது போலக் கேட்டாள்.

"மேற்கே சமாதானமா?"

நெஸ்டா அங்கியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சமாதானம்!"

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

பூஜை முடிந்தது. கேக் தீர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் கழுகு வரவே இல்லை என்று ஹெஃபின் குறைப்பட்டார். நெஸ்டா குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவு நேரம் கல்லைப் பிடிச்சுக்கிட்டே நின்னீங்களே," என்றாள் டெக்வென். "எப்படி இருந்தது? சில்லுனு இருந்ததா?"

நெஸ்டா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பாசி பச்சையாக அப்பியிருந்தது.

"தெரியலையே குருவே. கவனிக்கவே இல்லே."

டெக்வென் விரலில் ஒட்டிய தேனை நக்கிக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் சரியாப் பிடிச்சிருக்கீங்க."